பருப்பு நுரை: விஷமா, மருந்தா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு நுரையிலிருந்து ஆரம்பிக்குது.

துவரம்பருப்பை வேக வைக்கும்போது மேலே வெள்ளையா ஒரு நுரை பொங்கி வரும், பார்த்திருப்பீங்க. அந்த நுரையைக் காட்டி, "இதுதான் யூரிக் ஆசிட், இதை எடுக்காம சாப்பிட்டா மூட்டு வலி வரும்"னு ஒரு ரீல்ஸ் சுத்திக்கிட்டே இருக்கு. அடுத்த ரீல்ஸ்ல இன்னொருத்தர், "பருப்புல லெக்டின் இருக்கு, குடலை ஓட்டை போட்டுடும், பருப்பையே விட்டுடுங்க"ங்கறார். மூணாவது ரீல்ஸ்ல அதே பருப்பு ஆன்டிஆக்ஸிடன்ட் புதையல் ஆயிடுது. கேப்ஸ்யூலா வாங்கலாம், டிஸ்கவுன்ட் கோடு கீழே இருக்கு!

மூணு பேரும் பேசுறது கிட்டத்தட்ட ஒரே பொருட்களைப் பத்திதான். சாப்போனின், லெக்டின், பைட்டேட், டானின், பாலிஃபீனால். பயறு வகைகளில் இயற்கையாகவே இருக்கும் தாவர வேதிப்பொருட்கள் இவை. ஒரே பொருளை ஒருத்தர் விஷம்ங்கறார், இன்னொருத்தர் மருந்துன்னு விக்கிறார். ரெண்டு பேர் கையிலயும் ஏதோ ஒரு ஆய்வு இருக்கு. இது எப்படி நடக்குதுன்னு இன்னிக்குப் பிரிச்சுப் பார்க்கலாம்.

இதை இப்போ பேச ஒரு காரணமும் இருக்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். அதாவது ரெண்டு பெண்கள்ல ஒருத்தருக்கு. பருப்பை எப்படிச் சமைக்கணும், எதோட சேர்த்துச் சாப்பிடணும்ங்கறது அவங்களுக்கு வெறும் ரீல்ஸ் சண்டை இல்லை. அந்த இடத்துக்கு வருவோம். முதல்ல அடிப்படை.

விதைக்கு எதுக்கு இதெல்லாம்?

பயறு நமக்காக உண்டான சாப்பாடு இல்லை. அது ஒரு விதை. செடி தன் குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுன்னு வெச்சுக்கலாம். புரதம், மாவுச்சத்து, தாதுக்கள் எல்லாம் உள்ளே இருக்கு. மண்ணுக்குள்ள கிடக்கும்போது பூஞ்சை வரும், வண்டு வரும். விதையால எழுந்து ஓட முடியாது. அதனால வேதியியலை வெச்சு சண்டை போடுது.

லெக்டின் ஒரு புரதம். கடிச்ச பூச்சியோட குடல் சுவர்ல போய் ஒட்டிக்கும். டானின் துவர்க்கும், வாயில வெச்சவுடனே துப்ப வைக்கும். சாப்போனின் பூஞ்சையோட செல் சவ்வைக் குலைக்கும். பைட்டேட் கதை வேற. அது விதை தன் பாஸ்பரஸைப் பூட்டி வைக்கும் பெட்டி. முளைக்கும்போது விதையே அந்தப் பூட்டைத் திறந்துக்கும். இந்தப் பூட்டு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஊட்டச்சத்து நூல்கள்ல இவங்க எல்லாருக்கும் சேர்த்து வெச்ச பேரு 'ஆன்டி நியூட்ரியன்ட்'. சத்துக்கு எதிரி. பேரைக் கேட்டாலே பயமா இருக்கும். ஆனா இந்தக் கதை பச்சை விதையில ஆரம்பிச்ச கதை. 1917-ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மென்டல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குச் சோயா கொடுத்துப் பார்த்தாங்க. பச்சையாகக் கொடுத்தபோது எலிகள் சரியா வளரலை. அதே சோயாவை வேக வெச்சுக் கொடுத்தபோது நல்லா வளர்ந்துச்சு. நூறு வருஷத்துக்கு முந்தின அந்த ஒரு சோதனையிலேயே நம்ம எபிசோடோட பாதி விடை இருக்கு. விதையில என்ன இருக்குங்கறது ஒரு கேள்வி. தட்டுக்கு வரும்போது என்ன மிச்சம் இருக்குங்கறது இன்னொரு கேள்வி. ரீல்ஸ் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு அதோட நிறுத்திடுது.

நுரைக்குள்ள யாரு?

இப்போ நுரைக்கு வருவோம். பருப்பு கொதிக்கும்போது அதிலிருக்கும் புரதங்களும் மாவுச்சத்தும் கொஞ்சம் தண்ணிக்கு வருது. கூடவே சாப்போனினும் வருது. சாப்போனின்னா சோப்பு மாதிரி நுரைக்கிற பொருள். லத்தீன்ல சோப்புக்கான சொல்லிலிருந்து வந்த பேரு. நமக்குப் புதுசு கிடையாது. பூந்திக்கொட்டை நுரைக்கிறதும், சீயக்காய் நுரைக்கிறதும் இதனாலதான். சொல்லப்போனா சீயக்காயும் பயறுக் குடும்பத்துச் செடிதான். உங்க தலைக்குத் தேய்க்கிறதும் சாம்பார்ல கொதிக்கிறதும் தூரத்துச் சொந்தம்.

யூரிக் ஆசிட் அந்த நுரையில கிடையாது. அது நம்ம உடம்பு பியூரின்ங்கற பொருளை உடைக்கும்போது உருவாகும் கழிவு. பருப்புல பியூரின் ஓரளவு இருக்கு, அது உண்மை. அப்போ பருப்பு சாப்பிட்டா கௌட் வருமா? 47,150 ஆண்களை 12 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 2004-ல் அமெரிக்காவில் வெளியாச்சு. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவங்களுக்கு கௌட் அதிகம் வந்துச்சு. பியூரின் அதிகமுள்ள காய்கறி, பயறு வகைகளுக்கும் கௌட்டுக்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியலை. ஏற்கெனவே கௌட் இருக்கிறவங்க டாக்டர் சொல்றபடி நடங்க. மத்தவங்க நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்போ நுரையை எடுக்கணுமா, வேண்டாமா? எடுத்தாலும் தப்பில்லை, விட்டாலும் தப்பில்லை. குக்கர்ல வைக்கிறீங்கன்னா எடுக்க ஒரு நல்ல காரணம் இருக்கு: நுரை பொங்கி விசில் துவாரத்தை அடைச்சுக்கும். அந்தப் பயம் நியாயமானது!

சாப்போனினுக்கு இன்னொரு முகமும் உண்டு. குடலுக்குள் கொலஸ்ட்ராலோடும் பித்த அமிலங்களோடும் ஒட்டிக்கொண்டு, அவை மீண்டும் ரத்தத்துக்குப் போவதை ஓரளவு தடுக்கும். பருப்பின் நார்ச்சத்தும் இதே வேலையைச் செய்யும். ரெண்டும் சேர்ந்து எவ்வளவு செய்யும்? 2014-ல் கனடாவில் வெளியான ஒரு தொகுப்பாய்வு 26 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 1,037 பேர். தினமும் சுமார் 130 கிராம் வெந்த பயறு சாப்பிட்டவங்களுக்கு, கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்.டி.எல். ஏறக்குறைய 5 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. 130 கிராம் வெந்த பயறுன்னா ஒரு நல்ல கிண்ணம் சுண்டல். அஞ்சு சதவீதம் மாத்திரைக்குப் பதில் ஆகாது. ஆனா ஒரு கிண்ணம் சுண்டலுக்கு இது சின்ன விஷயமும் இல்லை.

லெக்டின்: பயப்பட வேண்டிய ஒரே ஒரு இடம்

லெக்டின் பத்தின பயம் முழுக்கப் பொய் இல்லை. 2006 மே மாசம் ஜப்பான்ல ஒரு டிவி நிகழ்ச்சி உடம்பு இளைக்க ஒரு வழி சொல்லுச்சு. வெள்ளை ராஜ்மாவைச் சில நிமிஷம் வறுத்து, பொடி பண்ணி, சோத்துல தூவிச் சாப்பிடுங்கன்னாங்க. பார்த்தவங்க செஞ்சாங்க. ஏறக்குறைய ஆயிரம் பேர் வாந்தி, வயித்துப்போக்குன்னு புகார் சொன்னாங்க. சுமார் நூறு பேரை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாச்சு.

காரணம், ராஜ்மா குடும்பத்துல இருக்கும் ஒரு வலுவான லெக்டின். சிவப்பு ராஜ்மாவில் இது ரொம்ப அதிகம். சரியா வேகாத நாலஞ்சு விதை போதும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல குமட்டல் ஆரம்பிச்சிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரும் கணக்குப்படி, பச்சை சிவப்பு ராஜ்மாவில் இந்த லெக்டின் 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும். முழுசா வெந்த பிறகு 200 முதல் 400 அலகு. அதாவது நூத்துல ஒரு பங்கு கூட மிஞ்சறது கஷ்டம்.

செய்ய வேண்டியது சுலபம். ராஜ்மாவை அஞ்சு மணி நேரத்துக்குக் குறையாம ஊற வைங்க. அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியில 30 நிமிஷம் நல்லா கொதிக்க விடுங்க. குக்கர்னா இன்னும் நல்லது; உள்ளே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். ஆபத்து எங்கேன்னா, இப்போ நிறைய ஃபிளாட்டுக்குள்ள வந்திருக்கும் ஸ்லோ குக்கர்ல. அது கொதிநிலைக்குப் போகாமலேயே மணிக்கணக்கா சூடு பண்ணும். அந்த அரைகுறைச் சூட்டுல லெக்டின் சாகாது, இன்னும் வீரியமாகக் கூட ஆகலாம். ராஜ்மாவைத் தனியா கொதிக்க வெச்சுட்டு அப்புறம் ஸ்லோ குக்கர்ல போடுங்க.

பாசிப்பருப்பு, துவரம்பருப்புல இந்த அளவுக்குப் பிரச்சினையே கிடையாது. நாலு விசில் விட்ட சாம்பாரைப் பார்த்து லெக்டின் பயம் காட்டறவங்க, வெந்த பருப்பைப் பச்சை ராஜ்மாவோட குழப்பிக்கிறாங்க.

சமைச்சாலும் முழுசா அடங்காத ஒண்ணு உண்டு, அதையும் சொல்லிடறேன். கேசரிப் பருப்பு. வறட்சியைத் தாங்கி வளரும். மத்திய இந்தியாவில் பஞ்ச காலத்துல ஏழை விவசாயக் கூலிகள் மாசக்கணக்கா இதையே பிரதான உணவாகச் சாப்பிட வேண்டி வந்தபோது, அதிலிருக்கும் நரம்பு நச்சு பலரோட கால்களை முடக்கிப் போட்டுச்சு. 1961-ல் இந்திய அரசு இதன் விற்பனையைத் தடை செய்தது. துவரம்பருப்புல இதைக் கலப்படம் செய்வது வழக்கமா இருந்ததால, நம்பகமான இடத்துல பருப்பு வாங்குங்கன்னு சொல்றதுல அர்த்தம் இருக்கு.

கேஸ் பிரச்சினை

அடுத்தது எல்லாரும் மெதுவான குரல்ல கேட்கிற விஷயம். பயறு சாப்பிட்டா ஏன் கேஸ் வருது?

பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கு. இதை உடைக்கத் தேவையான நொதி நம்ம குடல்ல இல்லை. அதனால அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் உருவாகும். அதுதான் கேஸ்.

ஆனா அதே நொதித்தல்ல பியூட்டிரேட்ங்கற ஒரு கொழுப்பு அமிலமும் கிடைக்குது. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். கடையில 'ப்ரீபயாட்டிக்'னு பேர் போட்டு விக்கிறது இந்த மாதிரிச் சர்க்கரைகளையும் நார்ச்சத்தையும்தான். சங்கடமும் நன்மையும் ஒரே அடுப்புல வேகுது.

பழகினா குறையும். 2011-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, தினமும் அரை கப் பயறு சாப்பிட வெச்சாங்க. முதல் வாரத்துல பிண்டோ பீன்ஸ் சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கேஸ் அதிகமானதா சொன்னாங்க. காராமணி சாப்பிட்டவங்கள்ல 19 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னாங்க. வாரங்கள் போகப் போக அந்த எண்ணிக்கையும் குறைஞ்சுது. அதனால இதுவரைக்கும் பயறு பக்கமே போகாதவங்க நேரா ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலையில ஆரம்பிக்காதீங்க. பாசிப்பருப்பு, காராமணின்னு சின்ன அளவுல தொடங்குங்க. ஊற வெச்ச தண்ணியைக் கொட்டுங்க. இந்தச் சர்க்கரைகள்ல ஒரு பகுதி அதோட போயிடும். சோடா உப்பு போட்டா சீக்கிரம் வேகும்தான், ஆனா பி1 வைட்டமின் அழிஞ்சு போகும். ஐ.பி.எஸ். பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் அளவைப் பத்தி மருத்துவர்கிட்ட கேட்டுக்கோங்க.

இரும்புச்சத்து: இதுதான் இன்னிக்கு முக்கியம்

ஆரம்பத்துல சொன்ன ரத்தசோகைக்கு இப்போ வருவோம்.

பருப்புல இரும்பு இருக்கா? இருக்கு. அந்த இரும்பு உடம்புக்குள்ள போகுதா? ரொம்பக் கொஞ்சம்தான். பைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் குடல்லயே கெட்டியாப் பிடிச்சு வெச்சுக்கும். தோல்ல இருக்கும் டானின் வேற அதோட கூட்டு சேர்ந்துக்கும். 'பருப்புல இவ்வளவு மில்லிகிராம் இரும்பு'ன்னு போடற அட்டவணை உண்மைதான். ஆனா அது பேங்க் அக்கவுன்ட்ல முடக்கி வெச்ச பணம் மாதிரி. கணக்குல தெரியும், கைக்கு வராது.

இதுக்காக பைட்டேட்டை வில்லன்னு முடிவு கட்டவும் முடியாது. சிறுநீர்ல கால்சியம் படிகமாகிக் கல்லாவதை அது தடுக்கும். அமெரிக்காவில் 96,245 செவிலியர்களைத் தொடர்ந்த ஒரு ஆய்வு 2004-ல் வெளியாச்சு. உணவில் பைட்டேட் அதிகம் எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு குறைவாக இருந்துச்சு. இது கவனிப்பு ஆய்வு; பைட்டேட்டால்தான் குறைஞ்சுதுன்னு அடிச்சுச் சொல்லிட முடியாது. ஆனா 'சத்தைத் திருடறவன்'னு ஒரே வரியில எழுதித் தள்ளவும் முடியாதுன்னு காட்டுது.

ஆக, பைட்டேட் நல்லதா கெட்டதாங்கறது யார் சாப்பிடறாங்கங்கறதைப் பொறுத்தது. ஹீமோகுளோபின் நல்லா இருக்கிற, எல்லாம் கலந்து சாப்பிடற ஒருத்தருக்கு அது பெரிய விஷயமே இல்லை. மாதவிடாய்ல அதிகம் ரத்தம் போற, பி.ஜி.யில தங்கி, காலையில டீயும் பிஸ்கட்டும், மத்தியானம் ஒரு சாம்பார் சாதம்னு ஓட்டற 22 வயசுப் பொண்ணுக்கு அது பெரிய விஷயம்தான். அவங்க என்ன செய்யலாம்? பருப்பை விட வேண்டாம். அந்தப் பூட்டைத் திறக்கிற வழிகளைப் பயன்படுத்தலாம்.

முதல் வழி, வைட்டமின் சி. பைட்டேட்டோட பிடியிலிருந்து இரும்பை மீட்டு, உடம்பு உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாத்தறதுல இதை மிஞ்ச ஆள் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: அதே வேளை சாப்பாட்டுல இருக்கணும். காலையில நெல்லிக்காய், ராத்திரி பருப்புன்னா பிரயோஜனம் இல்லை. சூட்டுல வைட்டமின் சி அழியும், அதனால எலுமிச்சையை அடுப்பை அணைச்ச பிறகு பிழியுங்க. மெரினாவில கிடைக்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை நினைச்சுப் பாருங்க. பட்டாணியில இரும்பு, பச்சை மாங்காயில வைட்டமின் சி. ருசிக்காகப் போட்ட மாங்காய்தான், ஆனா வேலை செய்யுது. கொய்யா, நெல்லிக்காய்த் துண்டு, பச்சைக் குடைமிளகாய், எதுவானாலும் சரி.

ரெண்டாவது வழி, டீயைத் தள்ளி வைக்கிறது. 1983-ல் வெளியான ஒரு சோதனையில ஹாம்பர்கர் சாப்பாட்டோட டீ குடிச்சபோது, இரும்பு உறிஞ்சப்படுவது 64 சதவீதம் குறைஞ்சுது. காபின்னா 39 சதவீதம். இதே காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்சபோது எந்தக் குறைவும் இல்லை. ஆபீஸ்ல டப்பாவை மூடின கையோட டீக்கடைக்குப் போற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு. டீயை விடச் சொல்லலை. ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான்.

மூணாவது வழி, ஊற வைக்கிறது, முளைகட்டறது, புளிக்க வைக்கிறது. முளைக்கும்போது விதையே பூட்டைத் திறந்துக்கும்னு சொன்னேனே, அதுக்கு ஒரு நொதி இருக்கு, பேரு பைட்டேஸ். பாசிப்பயறை முளைகட்டினா பைட்டேட் குறையும், இல்லாத வைட்டமின் சி-யும் புதுசா உருவாகும். முளைகட்டின பயறைப் பச்சையா சாப்பிடாம லேசா ஆவியில வேக வைங்க. ஈரமும் கதகதப்பும் கிருமிகளுக்கும் பிடிக்கும். அப்புறம் இட்லி மாவு. உளுந்தும் அரிசியும் ராத்திரி முழுக்கப் புளிக்கும்போது பைட்டேட் கணிசமாக உடையுது. 'இன்ஸ்டன்ட்' மாவுல சோடா உப்பால உப்பற இட்லிக்கு இந்த லாபம் கிடைக்காது.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இதெல்லாம் சாப்பாட்டுலிருந்து கிடைக்கிறதைக் கூட்டும் வழிகள். மாடி ஏறினா மூச்சு வாங்குது, முடி கொட்டுது, எப்பவும் அசதின்னா எலுமிச்சையை நம்பி உட்காராதீங்க. ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் டெஸ்ட் பண்ணுங்க. ஏற்பட்டுட்ட ரத்தசோகைக்குச் சிகிச்சை வேணும்.

தோலை ஏன் தூக்கிப் போடறோம்?

பயறின் எடையில தோல் ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான். ஆனா பாலிஃபீனால்கள்ல பெரும்பகுதி அங்கேதான் இருக்கு. தோலோட இருக்கும் பழுப்பு மைசூர் பருப்புல டானின் வகைகள், பச்சைப்பயறு தோல்ல வைடெக்ஸின், ஐசோவைடெக்ஸின், கறுப்பு பீன்ஸ்ல நாவல் பழத்துல இருக்கிற மாதிரி ஆந்தோசயனின். தோலை நீக்கிப் பளபளன்னு பாலிஷ் போட்டு வாங்கும்போது நார்ச்சத்தோட இதுவும் போயிடுது.

ரீல்ஸ்காரங்க 'ஆன்டிஆக்ஸிடன்ட்'னு சொல்றது இந்தக் கூட்டத்தைத்தான். இங்கேயும் ஒரு எச்சரிக்கை. சோதனைக்குழாய்ல ஒரு உணவுக்கு எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தின்னு அளந்து, அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு பெரிய பட்டியலே வெச்சிருந்துச்சு. 2012-ல் அதை இணையத்திலிருந்து எடுத்துட்டாங்க. அந்த எண்களுக்கும் மனித உடம்புல நடக்கறதுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, விளம்பரத்துக்குத் தப்பாப் பயன்படுதுங்கறதுதான் காரணம். பாலிஃபீனால்கள் ரத்தத்துக்குப் போறது கொஞ்சம்தான். பெரும்பாலானவை பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களால உடைபடுது. அதன் பலன் அங்கிருந்துதான் தொடங்குது.

தினமும் தோல் பயறுதான் சாப்பிடணும்னு இல்லை. டானின் இரும்பைத் தடுக்கும்னு இப்பதான் பார்த்தோம். கலந்து சாப்பிடுங்க. திருநெல்வேலிப் பக்கம் தோலோட கறுப்பு உளுந்து போட்டுப் பொங்கும் உளுந்தஞ்சோறு, கொள்ளு ரசம், பச்சைப்பயறு சுண்டல். வாரத்துல மூணு நாள் இப்படி, மிச்ச நாள் வழக்கமான துவரம்பருப்பு.

சர்க்கரைக் கணக்கு

பயறு சாப்பிட்டா ரத்தச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-ல் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலைக் கொண்டு வந்தபோது, பயறு வகைகள் அதோட கீழ்ப்படியில இருந்துச்சு. 1982-ல் அதே குழு இன்னொரு சுவாரஸ்யத்தைக் கண்டுபிடிச்சுது. காலையில மைசூர் பருப்பு வகையைச் சாப்பிட்டவங்களுக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை குறைவாகவே ஏறுச்சு. நாலு மணி நேரத்துக்கு முன்னாடி சாப்பிட்டது இப்பவும் வேலை செய்யுது! நார்ச்சத்து, மெதுவாச் செரிக்கும் மாவுச்சத்து இவங்கதான் இதுல முக்கிய ஆட்கள். மாவை உடைக்கும் நொதிகளை லேசாத் தடுக்கும் சில பொருட்களும் பாலிஃபீனால்களும் துணைக்கு.

2012-ல் 121 டைப் 2 நீரிழிவுக்காரங்களை வெச்சு ஒரு சோதனை. தினமும் ஒரு கப் பயறு சாப்பிட்டவங்களுக்கு மூணு மாசத்துல ஹெச்பிஏ1சி 0.5 புள்ளி குறைஞ்சுது. முழுக்கோதுமை நார்ச்சத்து எடுத்தவங்களுக்கு 0.3. பயறு ஜெயிச்சுது, ஆனா மயிரிழையிலதான். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வித்தியாசம் இல்லை இது.

இந்த நொதி தடுக்கும் பொருளைத்தான் வெள்ளை ராஜ்மாவிலிருந்து பிரிச்செடுத்து, 'கார்ப் பிளாக்கர்'னு கேப்ஸ்யூல்ல விக்கிறாங்க. ஆய்வுகள்ல பார்த்த பலன் ஒரு கிண்ணம் பயறுக்குக் கிடைச்ச பலன். புரதம், நார்ச்சத்து, பாலிஃபீனால் எல்லாம் சேர்ந்த கூட்டணி. ஒரு ஆளை மட்டும் தனியாக் கூப்பிட்டு வந்தா அந்தக் கூட்டணி வராது. அதுவும் மாசத்துக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணி.

சோயா சாப்பிட்டா ஆண்மை போயிடுமா?

ஜிம் போற நண்பர்களோட கேள்வி. சோயாவில் ஐசோஃப்ளேவோன்னு ஒரு வகை உண்டு. அதன் வடிவம் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஒத்திருக்கும். உடம்புல அதன் தாக்கம் ஈஸ்ட்ரோஜனை விட மிகப் பலவீனமானது. ஆண்களை வெச்சு நடத்தின சோதனைகளைத் தொகுத்து 2010-லயும் 2021-லயும் ரெண்டு அலசல்கள் வந்துச்சு. சோயாவாலயோ ஐசோஃப்ளேவோனாலயோ டெஸ்டோஸ்டிரோன் குறையலைன்னு ரெண்டுமே சொன்னது. மீல் மேக்கர் பிரியாணியை நிம்மதியா சாப்பிடுங்க. தைராய்டு மாத்திரை எடுக்கிறவங்க மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடுங்க. மாத்திரை உறிஞ்சப்படறதை சோயா தடுக்கலாம். அதே மாதிரி சிறுநீரக நோய் உள்ளவங்க புரதம், பொட்டாசியம் அளவுக்காக டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் பயறு அளவை முடிவு பண்ணணும்.

சரி, எவ்வளவு சாப்பிடலாம்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில, 2,000 கலோரி தட்டுக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் ஒரு நாளைக்கு 85 கிராம் சொல்லியிருக்கு. சமைக்கறதுக்கு முந்தின எடை. சாம்பார்ல அடியில தேடிப் பிடிக்கிற பருப்பு அந்தக் கணக்குக்கு வராது. பெரும்பாலான நம்ம தட்டுல சாதம் மலையா இருக்கு, பருப்பு ஒரு கரண்டி. மாத்த வேண்டியது அந்த விகிதத்தைத்தான். சாதத்தை ஒரு கரண்டி குறைச்சு, கூட்டாவோ சுண்டலாவோ ஒரு கிண்ணம் பக்கத்துல வைங்க. மேலே ஒரு மூடி எலுமிச்சை பிழியுங்க. டீயை ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க.

வீட்டுக் குழுவுல அடுத்த தடவை அந்த நுரை வீடியோ வந்தா, இந்த எபிசோடை அனுப்பி வைங்க. பயறு பத்தி இன்னும் கேள்வி இருந்தா கமென்ட்ல எழுதுங்க. நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டா அதுக்குத் தனியா ஒரு எபிசோடே பண்ணிடலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.